தங்க உதட்டுக்காரரின் கடைசிக் கச்சேரி

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போ பாப்பா. ஷூ தெரியுது."

பேண்டு மாஸ்டர் கறுப்புத் திரையை இழுத்துவிட்டார். மகள் ஓர் அடி பின்வாங்கினாள். முதுகு சுவரில் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை. திரைக்கு அந்தப் பக்கம், மேடை நடுவில், திறந்த சவப்பெட்டிக்குள் அவள் அப்பா படுத்திருந்தார். அவர் நெஞ்சின் மேல் டிரம்பெட்டை வைத்திருந்தார்கள்.

ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கும் அவரைத் தெரியும். 'தங்க உதட்டுக்காரர்' என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்திருந்தன. அந்த உதடு பல வருஷங்களுக்கு முன்பே செத்துப்போனது பேண்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் முன்னால் நின்று கன்னத்தை உப்பிக் கண்ணை மூடுவார். பின்வரிசையில் குனிந்தபடி மகள் வாசிப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஜனங்கள் பாட்டைக் கண்ணால்தானே கேட்கிறார்கள்!

இன்றைக்கு மாஸ்டரின் ஏற்பாடு அதைவிட ஒரு படி மேல். அப்பாவின் பேர்போன பாட்டை பேண்டு வாசிக்கும். அவர் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் மற்றவர்கள் அடங்கிவிட வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து மகள் மைக்கில் வாசிப்பாள்.

"பெட்டிக்குள்ள இருந்து அவரே வாசிக்கற மாதிரி இருக்கும். இப்படி ஒரு அஞ்சலி எவனும் செஞ்சிருக்க மாட்டான்."

"மாமா, நான் வெளியவே நின்னு வாசிக்கறேனே. அப்பாவுக்காகப் பொண்ணு வாசிக்கறா, அவ்வளவுதானே?"

"நீ வாசிச்சா அதே சத்தம்தானே வரும்? செவிடனுக்கும் புரிஞ்சுடும். செத்த மனுஷன் மானம் கப்பலேறிடும்."

அம்மா எட்டிப் பார்த்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள்தான்டி. அப்புறம் உன் வாழ்க்கை உனக்கு."

ஒவ்வொரு கச்சேரிக்கும் அம்மா இதையேதான் சொன்னாள். மகளுக்கு அப்பாமேல் கோபம் உண்டு. பாசம் அதைவிட அதிகம். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கேட்டது, "போன கச்சேரியில நான் நல்லா வாசிச்சேனா?" என்பதுதான். "பிரமாதம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வராந்தாவில் போய் அழுதாள்.

பாட்டு தொடங்கியது. அவள் இடம் வந்தது. டிரம்பெட்டைத் தூக்கினாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். ஊதவில்லை.

சத்தம் வராவிட்டால் ஏனென்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடலாம். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு கேள்விதான்.

கூரை இடிந்து விழுந்தாலும் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் நிற்கக்கூடாது என்பது அந்த பேண்டின் சட்டம். அவை தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு போயின. "ஊது பாப்பா, ஊதித் தொலை" என்று திரைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். இன்னொருவர் எழுந்து நின்றார். நாற்காலிகள் கிறீச்சிட, கூடம் முழுக்க எழுந்தது. பேண்டு திரும்பச் சேர்ந்து பாட்டை முடித்தபோது கைதட்டல் ஓயவே இல்லை.

மாஸ்டர் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"நான்கூட பயந்துட்டேன்! என்ன மூளை உனக்கு! அவர் இடத்தை அப்படியே காலியா விட்டுட்டே. இனிமே எல்லாக் கச்சேரியிலயும் இதேதான்."

"அப்படின்னா நான் வேண்டாமே, மாமா. போகலாமா?"

"எங்க போவே? நீ மூச்சை இழுத்தது மைக்ல கேட்டுச்சு. அவரே மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சாம், அதுக்குத்தான் அத்தனை பேரும் அழுதாங்க. நீ இல்லாம எப்படி?"

மேடையில் அப்பாவைக் கடைசியாகப் பார்க்க வந்தவர்களின் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. "அந்த உதடு இனி எங்க பொறக்கப்போகுது" என்று யாரோ அம்மாவிடம் சொல்வது கேட்டது. அம்மா "ஆமாம்" என்றாள்.

மாஸ்டர் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தார். குனிந்து, அடுத்த கச்சேரிக்கு அடையாளமாக, அவள் நின்ற இடத்தைச் சுற்றித் தரையில் ஒட்டத் தொடங்கினார். அவருக்கு வசதியாக அவள் ஒரு காலைத் தூக்கிக் கொடுத்தாள்.