ஊசி போட்டிருக்கிறேன்

செல்வாம்பாள் நர்ஸ் வேலை கற்றது பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரீகளிடம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மூன்றாம் வருஷம், அவளுடைய பெண்கள் வார்டுக்கு டில்லியிலிருந்து டாக்டர் சக்சேனா வந்தார். அவருக்குத் தமிழும் வராது, பிரெஞ்சும் வராது. அவள் பிரெஞ்சில் வாக்கியத்தைக் கட்டி, அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷாக மாற்றிப் பேசிச் சமாளித்துவந்தாள்.

அன்று காலை டாக்டர் தனக்கொடியின் கட்டிலருகே நின்றார். ரெட்டியார்பாளையத்துக்காரி, வலிப்பு நோய்.

"இஞ்செக்‌ஷன்?" என்று கேட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் செல்வாம்பாளே போட்டிருந்தாள். "ஐ ஹேவ் கிவன்" என்றாள். நேற்று நடந்ததானாலும் போன வருஷம் நடந்ததானாலும் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். காலை ஊசி வேண்டாமென்கிறார் போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள். அவரோ காலை ஊசியைப் போட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டார்.

மதியம் தனக்கொடிக்கு வலிப்பு கண்டது. செல்வாம்பாள் ஓடிவருவதற்குள் கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"போட்டதாகச் சொன்னாயே!" டாக்டர் இங்கிலீஷில் கத்தினார்.

"எஸ். யெஸ்டர்டே."

அவர் அவளையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நேற்று என்றால் 'கேவ்' என்று சொல். 'ஹேவ் கிவன்' என்றால் மருந்து இப்போது அவள் உடம்பில் இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன்."

அவளுக்குப் பாதி புரிந்தது. மீதியைப் புரியவைத்தவன் தனக்கொடியின் புருஷன் பக்கிரி. பஞ்சாலையிலிருந்து தலையெல்லாம் பஞ்சுத்தூளோடு ஓடிவந்தான்.

"காலையில ஊசி போட்டிருக்குன்னு கம்பவுண்டரு சொல்றாரு. அப்புறம் எப்பிடிம்மா வலிப்பு வந்துச்சு?"

போட்டிருக்கு. அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. தமிழில் கேட்டிருந்தால் 'நேத்து போட்டேன், இன்னிக்கு இன்னும் போடல' என்று யோசிக்காமலே சொல்லியிருப்பாள். 'போட்டேன்' வேறு, 'போட்டிருக்கு' வேறு; டாக்டர் சொன்ன வித்தியாசம் பிறந்ததிலிருந்து அவள் வாயில் இருந்ததுதான்.

"போடலப்பா" என்றாள். "நேத்து சாயங்காலம் போட்டேன். நான் சொன்னத டாக்டர் மாத்திப் புரிஞ்சிக்கிட்டாரு. என் இங்கிலீஷ் தப்பு."

"உங்க இங்கிலீஷுக்கு எம்பொண்டாட்டி கையாம்மா ஒடையணும்?"

அவள் கட்டிலருகே போனாள். தனக்கொடியின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவளைப் பக்கிரி கை நீட்டித் தடுத்தான். "வேணாம். வேற நர்ஸம்மா வரட்டும்."

மறுநாள் டாக்டர் கேட்டபோது அவள் முதலில் தமிழில் நினைத்து, பிறகு வாய் திறந்தாள். "ஐ கேவ் யெஸ்டர்டே ஈவினிங். டுடே ஐ ஹேவ் நாட் கிவன்." டாக்டர் சரியென்று தலையசைத்து ஊசி போடச் சொன்னார். பக்கிரி கேட்டபடி தனக்கொடிக்கு வேறொருத்திதான் போட்டாள்.

மாவுக்கட்டோடு தனக்கொடி வீட்டுக்குப் போன அன்று செல்வாம்பாள் வாசல்வரை போய் நின்றாள். பக்கிரி மனைவியைத் தாங்கி ரிக்‌ஷாவில் ஏற்றினான். தனக்கொடி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவே இல்லை.