எறும்புகளுக்கு வைத்த கருப்பட்டி

விடிந்ததும் சங்கரசுப்பிரமணியன் செய்யும் காரியங்களின் வரிசை மாறாது. முதலில், கொல்லைச் சுவரோரம் ஊரும் எறும்புகளுக்கு இரை போடுவார். பிறகு கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டு, விரல்நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டையில் வைப்பார். எறும்புக்கு இரை போடுவது மறைந்த மனைவியின் வழக்கம். இப்போது அந்தத் தச்சநல்லூர் வீட்டில் அவருக்காகக் காத்திருப்பவை அவை மட்டுமே. அரிசிக் குருணையை அவை சீந்தவில்லை என்று, சாத்தான்குளத்துக் கருப்பட்டியைச் சில வாரங்களாக நுணுக்கிப் போட்டுவந்தார்.

அதே வாரங்களில்தான் அவருக்குச் சர்க்கரை ஏறியது. வெறும் வயிற்றிலேயே இருநூற்றைம்பது. நாக்கைக் கட்டி வாழ்கிற மனிதர். குற்றம் தன்னிடம் இருக்கும் என்று தோன்றவில்லை. சமையலுக்கு வரும் அன்னத்தாயைச் சந்தேகித்தார். பால் வாங்கும் இடத்தில், தெருவே நிற்கையில் கேட்டார்.

“ராத்திரி காபியில சீனி போடுதியா?”

“நான் எதுக்குய்யா போடுதேன்?”

“பின்னே, மிஷினா பொய் சொல்லுது?”

அவள் அவருடைய தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. பேச்சைக் கேள்விப்பட்ட மாடிவீட்டு விஜயஸ்ரீயும் தன் வீட்டு வேலையிலிருந்து அவளை நிறுத்திவிட்டாள்.

அவரே பொங்கி, அவரே உண்டார். பேச ஆளில்லாமல், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லப் பழகினார். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. அவள் கலந்த சீனி இன்னும் உடம்பில் ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டார்.

மாத்திரையைக் கூட்டித் தரச் சொல்லி டாக்டரிடம் போகவிருந்த காலையில், ஊசியை எடுத்தபோது ஓர் எறும்பு மணிக்கட்டில் ஏறி விரல்நுனியில் போய் நின்றது. தட்டிவிட்டார். இன்னொன்று வந்தது. தோள்துண்டை விரித்துப் பார்த்தார். ஒரு கூட்டமே அதில் ஊர்ந்தது. விரலை நாக்கில் வைத்தார். இனித்தது.

சோப்புப் போட்டுக் கழுவி, சலவைத்துண்டால் ஈரம் போகத் துடைத்து, புது ஊசியும் புதுப் பட்டையும் எடுத்தார். நூற்றுப்பதினெட்டு.

சொல்லி மகிழவும் ஒருவரில்லை. சொல்லவேண்டிய ஒருத்தியைத் தானே விரட்டியிருந்தார்.

மறுநாள் பால் வாங்கும் வரிசையின் கடைசியில் அன்னத்தாய் ஒதுங்கி நின்றாள். அவர் எல்லாரும் கேட்கச் சொன்னார்.

“காபியில சீனி இல்ல. எறும்புக்குப் போட்ட கருப்பட்டி என் கையில ஒட்டியிருந்திருக்கு. கழுவாமக் குத்திட்டு இவ மேல பழியப் போட்டேன். தப்பு என்னுது.”

“ஆறு பக்கத்துலதான ஓடுது அண்ணாச்சி, கையக் கழுவத் தண்ணி கிடைக்கலியோ?” என்றார் பால்காரர் காசிலிங்கம். வரிசை சிரித்தது. அன்னத்தாய் சிரிக்கவில்லை.

“இவங்க கேட்டாச்சு. மாடிவீட்டம்மாட்ட ஆரு சொல்லுவா?”

“நான்தான்.”

“முட்டுவலியோட படியேற மாட்டீங்களே.”

“பைய ஏறுவேன்.”

மறுபடி வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கில்லை என்று பட்டது. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறி, விஜயஸ்ரீயின் கதவைத் தட்டினார்.