ஒத்திகை மைதானம்

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று விசாரணையில் சொல்லச் சொன்னான் தம்பி.

ஓய்வு பெறும்வரை தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவள் நான். எவ்வளவு இரைச்சலான இணைப்பிலும், மறுமுனையில் பேசுகிறவர் அழுதுவிட்டுப் பேசுகிறாரா, குடித்துவிட்டுப் பேசுகிறாரா என்று சொல்லிவிடுவேன். காதை வைத்துப் பிழைத்தவளைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்டான். அவன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து நாளாகியிருந்தது. அவன் மனைவி திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒண்ணுமே கேக்கலன்னு சொல்ல வேணாம்க்கா. மழைச் சத்தத்துல என்ன சொன்னாங்கன்னு புரியலன்னு சொல்லு. அது போதும்."

"எனக்குப் புரிஞ்சுதே."

"புரிஞ்சுதுதான். யாரு இல்லன்னா? உனக்கு முன்னால சொல்றவங்க எல்லாரும் ஏதோ பதட்டத்துல ஓடினோம்னு சொல்லப் போறாங்க. நீயும் கூட ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. உன் பேச்சை மட்டும்தான் அவங்க நம்புவாங்க."

"அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

"அண்ணி," என்றாள் அவன் மனைவி, "அவரு ராத்திரி தூங்கறதே இல்ல. கண்ட்ரோல் ரூம்ல ரெண்டு நாளு நின்ன காலோட நின்னவருக்கு இதுதானா? மார்க்கெட்ல என்னைப் பாத்தா பேச்சை நிறுத்திடறாங்க. நம்ம குடும்பத்தை இப்படி யாராச்சும் பாத்திருக்காங்களா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அசைத்தது. அவளுக்கும் அது தெரியும்.

எங்கள் அப்பா இதே நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தார். அவரைப் பற்றி ஊரில் ஒரு குறை சொல்ல ஆளில்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு தம்பியை ஆளாக்கியது நான். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவன்தான் காரணம் என்று ஊர் சொல்லும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் படித்து, பரீட்சை எழுதி, அப்பா வேலை பார்த்த கட்டடத்திலேயே செயலாளராக வந்து உட்கார்ந்தபோது நான் யாரிடமும் பெருமை பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

ஆற்றுக்கரை உடைந்து கரையோரக் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்ததற்கு அவன் காரணமில்லை. அபாயச் சங்கு உரிய நேரத்தில் ஒலித்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பும் வந்தது. ஆனால் மேட்டுப் பள்ளிக்குப் போக வேண்டிய ஜனங்கள் தாழ்வான விளையாட்டு மைதானத்துக்குப் போனார்கள். அங்கே பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஏன் போனார்கள் என்பதைக் கண்டுபிடித்து அறிக்கை எழுத, தலைநகரிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தின் குழு வந்திருந்தது.

ஏன் போனார்கள் என்பது எங்கள் குடியிருப்பில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு நகராட்சி ஒரு வெள்ள ஒத்திகை நடத்தும். சங்கு ஒலிக்கும். பதிவு செய்து வைத்திருக்கும் பெண் குரல், எல்லோரும் மேட்டுப் பள்ளிக்குச் செல்லவும் என்று சொல்லும். முன்பெல்லாம் அதைக் கேட்டுப் பள்ளிக்கு ஏறினவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். படிகள் செங்குத்தானவை. முட்டி வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்கள். மேலிடத்திலோ, எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையை எண்ணித்தான் மதிப்பெண் போடுவார்கள். எங்கள் ஊர் கடைசியிலேயே கிடந்தது.

தம்பி வந்தபிறகு ஒத்திகையை மைதானத்துக்கு மாற்றினான். நிழலுக்குப் பந்தல், உட்கார நாற்காலி, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், பிஸ்கட் பொட்டலம். ஒத்திகைதானே, மேடு ஏறிக் காட்டி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தான். ஜனங்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஆனால் அந்தப் பதிவுக் குரலை மட்டும் யாரும் மாற்றவில்லை. திட்டத்தில் பள்ளி என்று இருக்கிறது, அதனால் அறிவிப்பிலும் பள்ளி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். குரல் பள்ளிக்குப் போகச் சொல்லும், நாங்கள் மைதானத்துக்கு நடப்போம். முதல் வருஷம் சிரித்தோம். அப்புறம் சிரிப்பும் வரவில்லை, பழகிவிட்டது.

எங்கள் தெருவுக்கு ஒத்திகைத் தொண்டர் என் பக்கத்து வீட்டுத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்குகிற இடத்தில் ஒத்திகையன்று மட்டும் ஒரு விசில் தொங்கும். நான் படியிறங்குவதைப் பார்த்தால் போதும். "மேடம் வந்தாச்சு. இனி வெள்ளமே வந்தாலும் வரிசையிலதான் வரணும்" என்பார். நான் முறைப்பேன். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

வருகைக்காக எங்கள் நகராட்சிக்கு முதல் பரிசுக் கேடயம் கிடைத்தது. அது தம்பி வீட்டு அலமாரியில் அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவன் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி" என்றேன். "புரியலன்னு சொல்றேன். ஆனா ஒண்ணு. இதுக்கப்புறம் இதைப் பத்தி என்கிட்ட நீ பேசவே கூடாது."

அவன் என் கையைப் பிடிக்க வந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விசாரணை நகராட்சி மன்றக் கூடத்தில் நடந்தது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சுவரில் பழுப்புக் கோடு. பினாயில் ஊற்றிக் கழுவியும் சேற்று வாடை போகவில்லை. மேடையில் குழுத் தலைவர், நரைத்த தாடிக்காரர். பக்கத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் ஓர் ஆய்வாளர், என் தம்பி மகள் வயதுதான் இருக்கும். ஒரு பக்கம் நகராட்சி வக்கீல். அவருக்குப் பின்னால் தம்பி. எங்கள் குடியிருப்பு ஜனங்கள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்காரும் பழக்கமில்லாதவள். முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

தையல்காரரின் மனைவியை முதலில் கூப்பிட்டார்கள். தையல்காரர் வெள்ளத்தன்று மைதானத்தின் கீழ்க் கதவருகே நின்று விசிலை ஊதி ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சுற்றுச்சுவர் அந்தப் பக்கமாகத்தான் விழுந்தது.

வக்கீல் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சங்கு சத்தம் கேட்டதும் உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பதறிட்டாரு, இல்லையாம்மா?"

அவள் தலை நிமிரவில்லை. "தெரியலைங்க."

"எல்லாரும் கண்மண் தெரியாம ஓடினாங்க. அவரும் ஓடினாரு. பள்ளிக்குப் போகணும்னு தோணல. அப்படித்தானே?"

"இருக்கும்ங்க."

"பதட்டத்தில் ஓடினார்" என்று வக்கீல் ஆய்வாளரைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். விசைப்பலகை ஒலித்தது.

அடுத்து பால்காரர். அவரும் ஓடினார். மருந்துக்கடைக்காரர் ஓடினார். அவருடைய மாமியார், ஊன்றுகோல் இல்லாமல் நாலடி வைக்க முடியாதவர், அவரும் ஓடினார். எங்கள் தெருவே அந்தக் கூடத்தில் அன்று தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. செத்துப்போனவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

குழுத் தலைவர் எழுந்து நின்று என்னை உட்காரச் சொன்னார். மரியாதை தெரிந்தவர். "ஒலிபெருக்கியில வந்த அறிவிப்பு உங்களுக்குக் கேட்டுதாம்மா?"

தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறுவயதில் தப்புச் செய்துவிட்டு வந்தால் இப்படித்தான் தரையைப் பார்ப்பான்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் வக்கீல் கைகொடுக்க வந்துவிட்டார்.

"மழை பயங்கரமா பெஞ்சுது. மேடத்துக்கும் வயசாயிடுச்சு. பயத்துல ஒண்ணும் புரிஞ்சிருக்காது. கூட்டத்தோட கூட்டமா நீங்களும் ஓடிட்டீங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல மேடம்."

"நான் ஓடல" என்றேன்.

"சரிங்க, வேகமா..."

"வேகமாவும் இல்ல. என் தெருவுல யாரும் ஓடல. கேஸ் சிலிண்டரை மூடினோம், வீட்டைப் பூட்டினோம், மருந்துப் பையை எடுத்துக்கிட்டு வரிசையா நடந்தோம். முன்னாடி கைக்குழந்தைக்காரங்க, பின்னாடி நாங்க. அப்படித்தான் பழக்கியிருந்தாங்க."

தலைவர் முன்னால் சாய்ந்தார். "அறிவிப்பு?"

"நல்லாவே கேட்டுது. 'கவனிக்கவும். கரையோரக் குடியிருப்பு மக்கள் உடனடியாக மேட்டுப் பள்ளிக்குச் செல்லவும்.' மூணு தடவை சொன்னாங்க."

"பள்ளின்னு கேட்டும் ஏன் மைதானத்துக்குப் போனீங்க?" இதை அந்தப் பெண் கேட்டாள். தட்டச்சை நிறுத்தியிருந்தாள்.

"ஒத்திகையிலயும் இதே குரல்தான்மா. அது பள்ளின்னு சொல்லும். நாங்க மைதானத்துக்குப் போவோம். போனா நாற்காலி போட்டிருப்பாங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"மைதானத்துக்கு மாத்தினது யாரு?"

"நகராட்சி."

"நகராட்சியில யாரு?"

இவ்வளவு தூரம் வந்தபிறகு நின்றால்தான் கேவலம். "செயலாளர். என் தம்பி."

நான் நிறுத்தவில்லை. "வயசானவங்க படியேற முடியலன்னுதான் மாத்தினான். கெட்ட எண்ணத்துல இல்ல. கேடயம் குடுக்கத் தலைநகரத்துலேர்ந்து பெரியவங்க வந்தாங்க. மைதானத்துல போட்ட மேடையில ஏறித்தான் குடுத்தாங்க. சுத்திப் பாத்தா அது பள்ளிக்கூடமா இல்லையான்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அதையும் எழுதிக்குங்க."

வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். தலைவர் கையமர்த்தினார். அந்த இடைவெளியில் தையல்காரரின் மனைவி எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் சொன்னதை மாத்திக்கலாமா?"

"என்ன மாத்தணும்மா?"

"அவரு ஓடலைங்க. அவரு யாரையும் ஓட விடலைங்க." பால்காரர் எழுந்தார். மருந்துக்கடைக்காரர் மாமியாரைக் கைத்தாங்கலாக எழுப்பினார்.

ஆய்வாளர் என் வாக்குமூலத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குனிந்தாள். "அம்மா, உங்க பேரு இல்லாமலே இதைச் சேர்க்கலாம். 'கரையோரக் குடியிருப்பைச் சேர்ந்த மூத்த பெண்மணி'ன்னு போட்டுடுவோம். எங்க அறிக்கையில அது வழக்கம்தான். உங்க குடும்பச் சூழ்நிலை எங்களுக்குப் புரியுது."

"மொட்டைக் கடுதாசி போடற வழக்கம் எங்க வீட்டுல இல்லம்மா" என்று பேனாவை வாங்கினேன். அப்பாவின் பெயருக்கான முதலெழுத்தையும் சேர்த்து முழுக் கையெழுத்தாகப் போட்டேன். தம்பியின் மேசையிலிருந்த பெயர்ப் பலகையும் அதே எழுத்தில்தான் தொடங்கியது. அவள் இரண்டையும் பார்த்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டாள்.

தம்பியைக் கூப்பிட்டார்கள். சாட்சி நாற்காலிக்குப் போகிற வழியில் என்னருகே ஒரு நொடி நின்றான். "சந்தோஷமாக்கா?" என்று உதடு அசையாமல் கேட்டான். "நிமிந்து உக்காந்து சொல்லு" என்றேன்.

உண்மையாகவே அவன் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆமாம், நான்தான் மாற்றினேன், நல்லதென்று நினைத்துச் செய்தேன், தவறிப்போயிற்று. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேலை போயிருக்கும். போகட்டும். என் ஓய்வூதியத்தில் இரண்டு குடும்பம் சாப்பிடலாம். மார்க்கெட்டில் பேச்சை நிறுத்துகிறவர்கள், அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒப்புக்கொண்டான் பார், அந்த வீட்டுப் பிள்ளை என்று பேசியிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் தலைநிமிர்ந்து நடந்திருப்போம்.

"ஒத்திகை நடக்கும் இடத்தை மாத்தினது நீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

தம்பி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வக்கீலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"சம்பந்தப்பட்ட கோப்பைப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றான். "அது எனக்குக் கீழே உள்ள பிரிவு எடுத்த முடிவா இருக்கலாம்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவனுக்குக் கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த எழுத்தர், வெளிறிப்போன ஒரு மனிதர், கதவருகே நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பார்க்கவில்லை. என்னால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. என் செருப்பில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.