பஞ்சுச் சட்டை

பஞ்சு அடைத்த சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, தையல்கார அண்ணன் முதுகுப்புற நாடாக்களை இழுத்துக் கட்டினார்.

“இறுக்குதா பூசணி?”

“இல்லண்ணே.”

“எப்படி இறுக்கும்? உன் பழைய அளவு. கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சேன்.”

அவர் குரலில் பெருமை இருந்தது. அதைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் நாடகக் குழுவில் சிரிக்க வைக்கும் தோழி வேடம் எப்போதும் என்னுடையது. ஒருமுறை, மிகுந்த தயக்கத்துடன், ராணி வேடம் கேட்டேன். இயக்குநர் கனிவாகவே பதில் சொன்னார்: “இளைச்சுட்டு வாம்மா. கிரீடம் உனக்குத்தான்.” இளைத்தேன். பசியோடு படுத்து, ராணியின் வசனங்களை முணுமுணுத்தபடியே தூங்கிப் பழகினேன். கண்ணாடியில் தெரிந்த பெண்ணிடம் முதலில் கொஞ்சம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். அவ்வளவு பழக்கமில்லாதவளாக இருந்தாள்.

ராணியாக எனக்கு ஒத்திகை வைத்தார்கள். மேடையின் பக்கவாசல் மிகக் குறுகலானது. பல வருடப் பழக்கம். என்னையறியாமல் மூச்சை அடக்கி, உடம்பை ஒருக்களித்து நுழைந்தேன். இரண்டு பக்கமும் இடம் தாராளமாகக் கிடந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அதான்மா! இது வேற யாருக்கு வரும்?” என்றார் இயக்குநர். “ராணிக்கு ஆள் கிடைச்சிடும், தோழிக்கு எங்கே போவேன்? ஆனா இந்த உடம்புல செஞ்சா ஜனம் சிரிக்காது. பஞ்சு வச்சுக்கலாம்.”

“நீங்கதானே சார் இளைக்கச் சொன்னீங்க?”

“சொன்னேன். நல்லாத்தானே இருக்கே, யாரு இல்லேன்னாங்க?”

அது பாராட்டா, மறுப்பா என்று எனக்கு விளங்கவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணே,” என்றேன் இப்போது, “அந்தப் பழைய அளவு நானா, இந்தப் புது அளவு நானா?”

“என்னைக் கேட்டா? நான் ரெண்டுக்கும் தைப்பேன், அவ்வளவுதான். ஓடு, மணி அடிச்சாச்சு.”

மேடையில், கிரீடம் வைத்த புது நடிகை தோழிக்காகக் காத்திருந்தாள். பக்கவாசலில் என் உடம்பு தானாகவே ஒருக்களிக்கப் பார்த்தது. அதை நிறுத்தினேன். தலையை நிமிர்த்தி, ராணி நடக்க வேண்டிய நடையில் நேராக நுழைந்தேன்.

பஞ்சு இருபுறமும் மரச்சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அரங்கம் சிரிக்கத் தொடங்கியது. என் மேல் எங்கும் மரம் படவில்லை.