பெரியவரின் ஒரிஜினல் எஞ்சின்

"சின்ன எஞ்சினா, பெரிய எஞ்சினா? சீக்கிரம் சொல்லுங்க. கடைக்காரர் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திடுவாராம்."

எதிர்வீட்டு ஸ்கூட்டர் மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார். மறு கையில் செத்துப்போன பெட்ரோல் பம்ப். வாசலில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் தெரிந்த ஒரே ஆள் உள்ளே ஹாலில், பெட்டிக்குள், நேற்று மாலையிலிருந்து யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லாமல் படுத்திருந்தார்.

சின்னவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பழைய வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் பெரியவர். இளையவளைக் கட்டியவர் சின்னவர். பெரியவர் லாண்டரி நடத்தினார். ஓட்டல்களின் விரிப்புகளும் திரைகளும் இந்த வேனில்தான் போய் வந்தன. சின்னவர், வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அலுவலகத்தில் குமாஸ்தா. சகலைகளுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். பெரியவர் ஒரு நாளும் ஒத்துழைத்ததில்லை. அவர் தும்மினால்கூட மாமியார், "எவ்வளவு அடக்கமா தும்முறாரு பாரு" என்பார். அதே அறையில் சின்னவர் தும்மினால் ஜன்னலைத் திறப்பார்.

நேற்று வரைக்கும் இப்படித்தான். இன்று காலை நிலைமை இன்னும் மோசம். பெரியவர் இனிமேல் தப்புச் செய்ய வாய்ப்பே இல்லை என்பது சின்னவருக்கு உறைத்திருந்தது.

"நான் போனா என்னை என் வேன்லயே கொண்டு போங்க" என்று பெரியவர் சொல்லி வைத்திருந்தார். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். காலையில் சாவியைத் திருகியபோது வேன் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது. பெட்ரோல் பம்ப் போய்விட்டது. அந்த மாடலில் இரண்டு எஞ்சின் வந்தது. வெளியே இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பம்பிலிருந்து உள்ளே போகும் கம்பியின் நீளம்தான் வேறு. மாற்றி மாட்டினால் வண்டி நகராது. கடை ஊரின் மறு கோடியில்.

பெரியவரின் மனைவி வீங்கிய கண்களோடு வண்டிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். "சின்ன எஞ்சின்தான். இதுல போட்டிருக்கு. வாங்கின நாள்லேருந்து அதே எஞ்சின்னு அவரு வாய் ஓயாம சொல்லுவாரு."

"அப்புறம் என்ன, சொல்லிட வேண்டியதுதானே" என்றார் மாமனார். "பெரிய மாப்பிள்ளை வாயில பொய் வராது."

சின்னவர் தொண்டையைச் செருமினார். "ஒரு நிமிஷம். நான் நம்பரைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"புத்தகத்துல இருக்கே தம்பி."

"புத்தகத்துல ஆயிரம் இருக்கும் அக்கா. பாக்கறதுதானே என் வேலை."

பார்ப்பது அவர் வேலைதான். பதினாறு வருஷமாக இந்த ஒரு வண்டியை மட்டும் அவர் பார்த்ததில்லை. ஆண்டுச் சோதனைக்கு வேன் வரும்போதெல்லாம் புத்தகத்தைப் பார்த்தே நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். உறவு என்பதற்காக இல்லை. எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் அதன் முன்னால் குனிய வேண்டும். பெரியவர் எஞ்சின் முன்னால் குனிவதா? போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் காது சும்மா இருக்குமா? மேட்டுச் சாலையில் அந்த வேன் முனகாமல் ஏறும்போதெல்லாம் சந்தேகப்பட்டார். சின்ன எஞ்சினுக்கு ஏது இந்த மூச்சு? கள்ளத்தனமாக ஏதோ மாற்றியிருக்கிறான் சத்தியவான். இன்று, இத்தனை பேர் முன்னிலையில், ஆதாரத்தோடு, ஒரே ஒரு தரம்...

சட்டையைக் கழற்றி மடித்து மனைவியிடம் கொடுத்தார். "இந்த நேரத்துல எதுக்குங்க உங்களுக்கு இதெல்லாம்?" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவர் வேனின் பின்னால் எஞ்சினை மூடியிருந்த கதவைத் தூக்கி, தலையை உள்ளே விட்டார்.

மண்ணெண்ணெய்த் துணியால் நம்பர் இருக்கும் இடத்தைத் துடைத்தார். மெல்லிய தாளை ஒட்டவைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார். இருபத்தாறு வருஷத்துக் கை. கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்து எழும்பியது. 'பி'யில் ஆரம்பித்தால் சின்ன எஞ்சின். இது 'டி'.

"மாட்டினியா!" என்று எஞ்சினிடம் சொன்னார். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதற்காகத் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார்.

மீதி நம்பரையும் தேய்த்தார். ஏழு, ஏழு, ஒன்று, பூஜ்யம், நாலு. கடைசி நாலு குடிகாரன்போல வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

பென்சில் நின்றது.

அந்த நாலை அவருக்குத் தெரியும். பதினாறு வருஷத்துக்கு முன் ஒரு பார்சல் கம்பெனி ஏலத்தில் பெரியவர் இந்த வேனை எடுத்தார். பெரியவர் எடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னவரும் ஒன்று எடுத்தார், ஒரு படி மேலே போய்ப் பெரிய எஞ்சினாக. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எஞ்சினுக்கு நம்பர் எங்கே இருக்கும் என்று தெரிந்த அளவுக்கு, ஆயில் எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. நாலாவது வருஷம் எஞ்சின் இறுகிப்போனது. காயலான் கடைக்குப் போட்டார். அன்றைக்குத் தூக்கிவிட வந்த பெரியவர் எஞ்சினைத் தடவிப் பார்த்து, "நல்ல எஞ்சின்ப்பா இது" என்றார். அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டு சின்னவர் ஆறு மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

அந்த எஞ்சின்தான் இது.

பன்னிரண்டு வருஷம் மேட்டுச் சாலையில் ஏறியது இது. "அக்கா வீட்டு வண்டிய பாருங்க, கல்லு மாதிரி நிக்குது" என்று மனைவி சொன்னது இதை. தன்னிடம் நாலு வருஷத்தில் மூச்சை விட்டது அவன் கையில் மட்டும் எப்படி ஓடியது? இதற்கு வேறு யாருடைய எஞ்சினாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

தாளை எடுக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எஞ்சினைத் தாங்கும் கம்பியில் ஒரு துணித் துண்டு கட்டியிருந்தது. எண்ணெய் ஏறிப் பழுப்பாகியிருந்தாலும் அழியாத மை தெரிந்தது: 'சி-2'. பெரியவர் லாண்டரிக்கு வெளியிலிருந்து எது வந்தாலும் முதல் வேலையாக அடையாளத் துணி கட்டுவார்கள். பொருள் உடையவர் கைக்குத் திரும்பும்போதுதான் அவிழ்ப்பார்கள். சின்னவர் வீட்டுப் போர்வை, திரை, தலையணை உறை எல்லாவற்றுக்கும் ஒரே குறிதான். சி-2.

சின்னவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வெளியே யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று பார்த்தார். மாமியார் கண்ணில் இது பட்டால் போதும். செத்தவருக்கு இன்னும் இருபது வருஷத்துக்குப் புகழ். முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, உள்ளயே குடித்தனம் வச்சுட்டீங்களா?" மாமனார் குரல். "ஒரிஜினல்தானே?"

சின்னவர் நிமிர்ந்தார். மூக்கில் கரி. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். சின்ன எஞ்சின் பம்ப் வரும், பொருந்தாது, கடை சாத்திவிடும், நாலு மணிக்கு வாடகை வண்டி வரும். பெரியவர் சொன்ன பொய்யே அவரை வாடகை வண்டியில் ஏற்றிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இல்லையென்றால் பென்சில் தாளை நீட்டலாம். அதுவும் ஒரு சுகம்தான். கதவருகே பெரியவரின் மனைவி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரிஜினல்தான் மாமா" என்றார் சின்னவர்.

"நான்தான் சொன்னேனே!"

மெக்கானிக் போனில், "அண்ணே, சின்ன..." என்று ஆரம்பித்தார். சின்னவர் இரண்டே எட்டில் போய்ப் போனைப் பிடுங்கினார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "பெரிய எஞ்சின் பம்ப். 'டி' நம்பர். ஆள்கிட்ட குடுத்து அனுப்பிடுங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

மெக்கானிக் விழித்தார். "இப்பத்தானே ஒரிஜினல்னீங்க?"

"ஆமா. நீ பம்பை மாட்டுற வேலையைப் பாருய்யா."

பம்ப் இரண்டரை மணிக்கு வந்தது. மாட்டி முடிக்க மூன்று ஐம்பது. பெட்டியை ஏற்றிய பிறகு, ஓட்ட ஆள் யார் என்ற கேள்வி வந்தது. யாரும் கேட்காமலே சின்னவர் ஏறி உட்கார்ந்தார். பழைய பழக்கத்தில் ஆக்சிலேட்டரை அரை மிதி மிதித்து விட்டார், மறுபடி அரை மிதி, பிறகு சாவி. ஒரே திருகில் பிடித்துக்கொண்டது.

"பாத்தியாடி" என்று மாமியார் மூத்த மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். "போனப்புறமும் எம் மாப்பிள்ளை கைராசி!"

சின்னவரின் மனைவி ஜன்னலருகே வந்து அவர் மூக்கிலிருந்த கரியை முந்தானையால் துடைத்தாள். "மெதுவா, பாத்து ஓட்டுங்க" என்றாள். "நம்ம வண்டி இல்ல."

அவர் தலையை ஆட்டினார்.

வேன் முன்னால் போக, ஏழெட்டுக் கார்கள் பின்னால் வந்தன. கடைவீதி தாண்டி மேட்டுச் சாலை ஆரம்பித்தது. எல்லோரும் கியரைக் குறைத்தார்கள். சின்னவர் குறைக்கவில்லை. மூன்றாவதிலேயே வைத்து மிதித்தார். பின்னால் பெட்டி ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. முனகல் இல்லை. கண்ணாடியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின.