மூன்றாம் மாடியில் அக்கா

புரதங்கள் மடங்குவதைப் பற்றிப் பேச இத்தனை பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுகிறவள். நோயாளியின் குடும்பத்திலிருந்து ஒருவர் முதலில் பேசுவது இந்த மாநாட்டில் வழக்கமாம். அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கூப்பிட்டார். அத்தான், "நாலு பேர் முன்னாடி அவளைப் பத்தி என்னால பேச முடியாதும்மா, நீயே போ" என்று சொல்லிவிட்டார்.

பேசினேன். கால் மரத்துப்போனதில் தொடங்கி, ஸ்பூன் பிடிக்க முடியாமல் போனது வரை சொன்னேன். கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது. அக்காவின் நோயைச் சொல்லியிருக்கிறேன்; அக்காவைச் சொல்லவே இல்லை. என் கஷ்டமே அதுதான். அவள் போய்ச் சில வருடங்களாகியும் கண்ணை மூடினால் அந்தக் கடைசிக் கால முகம்தான் வருகிறது. அதற்கு முந்தைய அக்காவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

காபி இடைவேளையில் போஸ்டர்கள் ஒட்டியிருந்த கூடத்துக்குள் சும்மா நடந்தேன். ஒரு போஸ்டரில் கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளிகள். கீழே, நோயாளி பெண், ஒப்பிடுவதற்கு நோயில்லாத தங்கை என்று போட்டிருந்தது. பக்கத்தில், டாக்டர் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்ட அந்த மரபணுக் கோளாறின் பெயர். வேறு எந்தக் குடும்பத்திலும் இதை இதுவரை பார்த்ததில்லை என்பார் அவர்.

லேபில் வளர்க்க எங்கள் இருவர் கையிலும் ஒரே நாளில்தான் துளித் தோல் எடுத்தார்கள். "எனக்கு ஒண்ணு வாங்கினா உனக்கும் வாங்கணும். சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான்டி" என்று அக்கா சிரித்தாள்.

போஸ்டர் அருகில் நின்ற ஆராய்ச்சி மாணவி, என் சட்டையில் குத்தியிருந்த 'பேச்சாளர்' அட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றாள்.

"சாரி மேடம், காலையில உங்க பேச்சைக் கேக்க முடியல. மகாராணிக்குச் சாப்பாடு மாத்த வேண்டியிருந்துச்சு."

"யாரு மகாராணி?"

"இந்த நோயாளியோட தோல் செல்தான். லேப்ல அப்படித்தான் கூப்பிடுவோம். ஊத்தற சத்துத் திரவம் கொஞ்சம் ஆறியிருந்தாப் போச்சு, அப்படியே சுருண்டுக்குவா. மத்த செல்லுங்க எல்லாம் வாயைத் திறக்காது. இவளுக்கு மட்டும் வெதுவெதுன்னு வேணும்."

சுட்டெரிக்கிற வெயிலிலும் வெந்நீர் இல்லாமல் குளிக்காதவள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தங்கச்சி செல்லு எப்படி?"

"அது பாவம் மேடம், சொன்னபடி கேக்கும். கொஞ்சம் போர்."

கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவள் கீழ் வரிசைப் படத்தைக் காட்டினாள். அதில் பச்சைப் புள்ளிகளே இல்லை.

"மேல இருக்கற புள்ளியெல்லாம் ஒழுங்கா மடங்காத புரதம், கட்டிகட்டியாச் சேர்ந்துட்டது. எங்க மருந்து புரதத்தைக் கையைப் பிடிச்சு மடங்க வைக்குது. இப்ப மகாராணிக்கும் தங்கச்சிக்கும் வித்தியாசமே தெரியாது. குணமாயிட்டா!"

குணமாயிட்டா. எத்தனை வருடம் இந்த ஒரு சொல்லுக்காக ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருந்தோம். இப்போது யாரோ ஒரு பெண் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"உங்க லேபுக்கும் மகாராணியை ஒரு குப்பி அனுப்பட்டுமா மேடம்? உறைய வெச்சு பத்திரமா அனுப்புவோம்."

ஒரு கணம், டெப்போ ஃபிரிட்ஜில் டிரைவர்களின் சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது. நான் விஞ்ஞானி இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தோல் கொடுத்தது யாரென்று லேபுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. சொன்னால் கதவு மூடிவிடும்.

"உயிரோட பாக்க முடியுமா?" என்றேன்.

"லேப் இதே கட்டடத்துல மூணாவது மாடிதான். வாங்க."

அந்த அறையில் ஏதோ ஒரு இயந்திரம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தட்டை எடுத்து, சூடு குறையாத பெட்டி பொருத்திய மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தேன். நீளநீளமாய்ச் சாம்பல் நிறத்தில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடந்தன. முகம் இல்லை, குரல் இல்லை. என்ன எதிர்பார்த்தேன்? ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இவை ஒரு நாளும் படுக்கையில் கிடந்ததில்லை.

"இன்னும் எத்தனை நாள் இப்படியே இருக்கும்?"

"சாதாரண தோல் செல்தானே மேடம், இன்னும் சில தடவை பிரியும், அப்புறம் நின்னுடும். ஆமா, உங்க லேப்ல என்ன செல் வளக்கறீங்க?"

அக்காவைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு லேப் இல்லம்மா. இது எங்க அக்கா."

அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ... நான் மகாராணின்னு, அது இதுன்னு..."

"சரியாத்தான் சொன்னே. அவ அப்படித்தான்."

"தங்கச்சி செல்லு போர்னு வேற சொன்னேனே!"

"அதுவும் சரிதான்."

அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னது என் காதுல விழல. விழுந்திருந்தா இப்பவே உங்களை வெளிய அனுப்பணும்" என்றவள், ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் பின்னால் போட்டாள். பிறகு தானும் குனிந்து பார்த்து, குமிழைக் கொஞ்சம் திருகினாள்.

"ஓரத்துல ஒண்ணு உருண்டையா ஆயிட்டிருக்கு பாருங்க. ரெண்டாப் பிரியப் போவுது. ஆனா ஒரு மணி நேரமாவது ஆகும். கீழ சாப்பாடு ஆரம்பிச்சிருப்பாங்க."

"நீ போய்ச் சாப்பிடும்மா," என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."