படத்தில் நகர்ந்த படகு

டமார்!

நெவில் படம் வரைந்துகொண்டிருந்த ஸ்டாண்டு மூன்று காலையும் பரப்பிக்கொண்டு சாய்ந்தது. "பிடி, பிடி!" என்று அவர் கத்துவதற்குள் படம் பட்டம்போல எழும்பி, கடலை ஒட்டிய நிலமுனையின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது.

"காலையிலேர்ந்து பாடுபட்டு வரைஞ்ச மாடு அது!"

"கவலைப்படாதே நெவில், உன் மாடு நீந்திக் கரை சேர்ந்திடும். பாக்க கடல்நாய் மாதிரிதானே இருந்துச்சு!" என்றாள் வெர்னா.

வெர்னா தன் ஸ்டாண்டின் அடியில் ஒரு பை நிறையக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். டாஸ்மேனியாத் தீவின் இந்த வடமேற்கு மூலையில், மேற்குக் காற்றில் படம் வரைகிறவர்கள் தூரிகையை மறந்தாலும் மறப்பார்கள், கல்லை மறக்க மாட்டார்கள். அப்படியும் இன்றைய காற்று அவர்களை ஒரு கை பார்த்துவிட்டது. மதியத்துக்குப் பிறகு அது ஊளையிடவே ஆரம்பித்திருந்தது.

அந்த ஊளையைக் கிழித்துக்கொண்டு ஹாரன் சத்தம் கேட்டது. மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஒரு வண்டி குதித்துக் குதித்து வந்து நின்றது. டகல் இறங்கினான். பால் பண்ணைக்காரன். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் மீட்புப் படகுக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

அவன் நேராக, அவர்களோடு வரைந்துகொண்டிருந்த கிளைவின் மனைவி ஐலீனிடம் போனான்.

"ஐலீன், கிளைவ் வீட்டுக்கு வந்தாச்சா?"

"எனக்கெப்படித் தெரியும்? காலையில மீன் பிடிக்கப் போனார். ஏன்?"

"படகு இழுத்துட்டு வந்த டிரெய்லர் துறையிலேயே நிக்குது. படகக் காணோம். போனும் எடுக்க மாட்டேங்கிறார்."

ஐலீனின் கையிலிருந்த தூரிகை புல்லில் விழுந்தது.

"நீங்க யாராவது பாத்தீங்களா?"

"நான் மாட்டைத்தான் பாத்தேன். அதுவும் இப்ப கடல்ல," என்றார் நெவில். யாரும் சிரிக்கவில்லை.

"நான் மேய்ச்சல் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன். காத்து மூஞ்சியில அடிச்சுது. நான் ஒண்ணும் பாக்கல," என்றாள் ஐலீன்.

கடலைப் பார்த்து வரைந்தது வெர்னா மட்டும்தான். டகல் அவள் படத்தின் முன்னால் குனிந்தான். சாம்பல் நிறக் கடல், வெள்ளை நுரை. வலது ஓரத்தில் கழுதைக் காது என்று எல்லோரும் சொல்லும் கறுத்த பாறை. அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் தீற்றல்.

"இது என்ன?"

"படகு. ஒரு படகு தெரிஞ்சுது. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"கிளைவோடதுதான்! இந்தக் கண்றாவிக் கலர்ல இங்க வேற எவன் வெச்சிருக்கான்?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. கிளைவை அவளுக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். ஆனால் வரையும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் படகு தெரியாது, நிறம்தான் தெரியும்.

"ஐலீன், தைரியமா இருங்க. அவர் எங்க இருந்தார்னு தெரிஞ்சு போச்சு. வெர்னா படத்திலேயே இருக்கு!" என்று கத்திவிட்டு டகல் வண்டிக்கு ஓடினான். கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவை எடுத்தான்.

ஐலீன் படத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அப்படியே புல்லில் உட்கார்ந்து, மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெர்னா தன் படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தத் தீற்றலை அவள் முதலில் வைத்தது அங்கே அல்ல. முதலில் வைத்த இடத்தில் அது படத்தையே கெடுத்தது. சுரண்டி எடுத்துவிட்டு, கறுத்த பாறைக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கேதான் அந்த ஆரஞ்சு பளிச்சென்று எடுத்தது. மரத்தையும் வேலியையும் மேகத்தையும் நகர்த்திப் பழகிய கை, ஒரு மனிதனையும் நகர்த்தி வைத்துவிட்டது.

அவள் வண்டிக்கு ஓடிக் கண்ணாடியைத் தட்டினாள்.

"டகல், அது தப்பு! படகு பாறைகிட்ட இல்ல. நான்தான் நகத்தி வெச்சேன்."

"எதை நகத்தினீங்க?"

"படகை. படத்துக்கு அழகா இருக்கட்டும்னு."

டகல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அப்ப நிஜத்துல எங்க இருந்தது?"

"ஞாபகமில்ல."

"அம்மா தாயே, யோசிச்சுச் சொல்லுங்க! பாறைக்குப் பக்கத்துல இருந்திருந்தா நீரோட்டம் குடாவுக்குள்ள தள்ளும். இடது பக்கம்னா மணல் திட்டைத் தாண்டி நடுக்கடலுக்கே இழுத்துட்டுப் போயிடும். எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு படகு. இருட்டறதுக்குள்ள ஒரு பக்கம்தான் தேட முடியும். ஹெலிகாப்டர் வந்து சேர இன்னும் நேரமாகும்."

அவன் ரேடியோவில், "நில்லுங்கப்பா, அப்படியே நில்லுங்க. இடம் சரியாத் தெரியல," என்றான்.

வெர்னா படத்தைப் பிடுங்கிக்கொண்டு வண்டியின் மறைவுக்கு வந்தாள். "நெவில், கெட்டியாப் பிடி! நான் சுரண்டின இடத்துல அடியில கொஞ்சமாவது ஆரஞ்சு ஒட்டியிருக்கும்."

கத்தியால் கடலைச் சுரண்டினாள். ஈரச் சாயம் அலை அலையாகப் பெயர்ந்தது. காற்று அதை அவள் சட்டையில் அடித்தது. நடுவுக்குச் சற்று இடதுபுறம் ஆரஞ்சு தெரிந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்றார் நெவில். டகல் ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோனான்.

வெர்னாவின் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். அங்கேயும் ஆரஞ்சு. வலதுபுறம் சுரண்டினாள். அங்கேயும்.

கத்தி நின்றது.

"சொல்லாதே டகல். சொல்லாதே." அவள் கத்தியைக் கீழே போட்டாள். "இது அடிப்பூச்சு. கடல் வரையும்போதெல்லாம் நான் முதல்ல படத்துணி முழுக்க இந்தச் செம்மஞ்சளைத்தான் பூசுவேன். எங்க சுரண்டினாலும் இதுதான் வரும்."

நெவில் கையிலிருந்தது இப்போது படமே இல்லை, துருப்பிடித்த தகரம் மாதிரி ஏதோ ஒன்று. சாம்பல் கடல் முழுக்க வெர்னாவின் விரல்களில் இருந்தது. அவள் விளிம்புக்கு ஓடிக் கடலைப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் வெள்ளை நுரை. காலையில் இதே இடத்தில் நின்று இதே தண்ணீரை விடாமல் பார்த்தவள்தான். அந்த ஆரஞ்சைக் கலந்து எடுத்தபோது வந்த சந்தோஷம்கூட நினைவிருக்கிறது. இடம் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"வெர்னா! பசங்க கேக்கிறாங்க. இடதா, வலதா? உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்க!"

வாயைத் திறந்தால் ஏதோ ஒரு பக்கம் வந்துவிடும். தவறாக வந்தால் கிளைவ் செத்தான். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னமெல்லாம் சாயம்.

கூச்சல் கேட்டு ஐலீன் எழுந்து வந்தாள். நெவிலின் கையில் சுரண்டப்பட்ட துணியைப் பார்த்தாள். வெர்னாவின் முகத்தைப் பார்த்தாள்.

"படகு எங்க, வெர்னா? படத்துல இருக்குன்னு சொன்னானே?"

"இல்லடி. நான் அதை நகத்தி வெச்சுட்டேன். எங்கேர்ந்துன்னு தெரியல. என்னை மன்னிச்சிடு."

ஐலீன் கடல் பக்கம் திரும்பினாள். பிறகு கையை இடது பக்கம் நீட்டினாள். காற்று அந்தக் கையைத் தள்ளியது. மறு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க. திட்டுக்கு இந்தப் பக்கம், நுரை ரெண்டாப் பிரியுதே, அதுக்கு நேரா. போகச் சொல்லு டகல். சீக்கிரம்!"

டகல் இடத்தை ரேடியோவில் கத்திச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினான்.

"நீங்க ஒண்ணும் பாக்கலன்னு சொன்னீங்களே?"

"பாத்தேன். எழுந்து நின்னு ரெண்டு கையையும் ஆட்டினார். காலையில போட்ட சண்டைக்குச் சமாதானம் கேக்கிறார்னு நெனச்சு, நான்தான் ஸ்டாண்டத் திருப்பிப் போட்டுக்கிட்டேன்."